‘திற’ என்றொரு பச்சைப் பட்டன்

வலைப்பக்கத் தர ஒப்பீட்டு ஆணையத்திலிருந்து அறிவிப்பு வந்த அன்று வஜீஹாவுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு தர்ம டயாலிசிஸ் மையத்தின் வரவேற்பு மேசையில் அவள் வேலை பார்த்தாள். ‘தங்கள் மையத்தின் வலைப்பக்கம் மூன்று துறைகளின் முத்திரையும் இன்றி இயங்கிவருவது கவனத்துக்கு வந்துள்ளது. பொறுப்பாளர் நேரில் வந்து ஒப்பீட்டுக்கு உட்படாவிடில் மாத முடிவில் பக்கம் மூடப்படும்’ என்று எழுதியிருந்தது. உட்படுவது என்றால் படுக்கவைத்து ஏதோ செய்வார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பக்கம் பிரமாதமான பக்கமொன்றும் இல்லை. பேர் எழுத ஒரு கட்டம், நேரம் குறிக்க ஒரு கட்டம், கீழே ‘பதிவு செய்’ என்று ஒரு பட்டன். அவ்வளவுதான். ஆனால் அது வருவதற்கு முன்னால் நோயாளிகள் விடியற்காலையிலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். மெஷின்கள் கொஞ்சம், ஆட்கள் நிறைய. யார் முதலில் வந்தது என்று சண்டை நடக்கும். அத்தர் வியாபாரம் பார்த்த குலாம் ரசூல் பாய் ஒருநாள் வரிசையிலேயே மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியதை வஜீஹா மறக்கவில்லை. பக்கம் வந்த பிறகு அவரவர் வீட்டிலிருந்தே நேரம் குறித்துக்கொண்டு வந்தார்கள். குலாம் ரசூல் பாயின் போன் திரை விரிசல் விட்ட பழைய போன். அதிலும் அந்தப் பக்கம் சட்டென்று திறந்தது.

அதைச் செய்து கொடுத்தவன் வஜீஹாவின் அக்கா மகன் ரெஹான். இப்போது துபாயில் இருந்தான். சித்தியைக் காலா என்று கூப்பிடுவான். போனில் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

“இதுல பயப்பட இன்னா கீது காலா? கட்டம், பட்டன், எழுத்து, அதெல்லாம் எச்.டி.எம்.எல். பட்டன் பச்சையா தெரியுது பாரு, அது சி.எஸ்.எஸ். அமுக்குனா எதுனா ஆட்டம் காட்டணும்னா ஜாவாஸ்கிரிப்ட். நம்ம பக்கத்துல அது இல்ல. தேவைப்படல. அமுக்குனா பேரு போய்ச் சேர்றத எச்.டி.எம்.எல்.லே பாத்துக்கும்.”

“மூணுல எது பெருசு?”

“எதுவும் பெருசு இல்ல. மூணுக்கும் வேற வேற வேலை.”

“அத்த அங்க போயி சொல்லட்டா?”

ரெஹான் கொஞ்சம் யோசித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. “வேணாம் காலா. சொல்லாத” என்றான்.

அவள் போன நாளன்று காலையிலிருந்தே மழை. அடையாறு பகுதியில், ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆணையத்தின் கட்டடம் இருந்தது. முழுக்கக் கண்ணாடி. முதல் மாடி ஜாவாஸ்கிரிப்ட் துறைக்கு, இரண்டாம் மாடி சி.எஸ்.எஸ். துறைக்கு, மூன்றாம் மாடி எச்.டி.எம்.எல். துறைக்கு. யார் மேலே இருப்பது என்ற தகராறு தீராததால் லிஃப்ட் எந்த மாடியிலும் நிற்கக் கூடாதென்று உத்தரவாகியிருந்தது; அது ஏறியிறங்கியபடி இருந்தது. மூன்று துறையும் சேர்ந்து உட்காரும் கூட்டங்களை யாருடைய மாடியிலும் நடத்த முடியாதென்பதால் தரைக்குக் கீழே ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள்.

காத்திருக்கும் பெஞ்சில் ஏற்கெனவே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு முறுக்கு டின். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பட்சணக் கடை, பெயர் சூடாமணி, ஆன்லைனிலும் ஆர்டர் எடுப்பதால் இழுத்துவிட்டார்கள் என்று தானாகவே சொன்னாள்.

“நாலாவது தடவையா வந்துண்டிருக்கேன். எது பெருசுன்னு கேப்பா. ஜாக்கிரதையா இருங்கோ.”

“நீங்க இன்னா சொன்னீங்க மாமி?”

“முதல் தடவை எச்.டி.எம்.எல்.னு சொன்னேன். மத்த ரெண்டு பேரும் முத்திரை போடமாட்டேன்னுட்டா. அடுத்த தடவை சி.எஸ்.எஸ். அப்பவும் அதே கதி. போன தடவை மூணும்தான் வேணும்னேன். ‘மனுதாரருக்குத் தெளிவு போதாது’ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டா.”

வஜீஹா எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் இருவர் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

படியிறங்கும்போது சுவர் ஈரமாக இருந்தது. மண்டபத்துக்கு ஒரே கதவு, தடித்த கண்ணாடிக் கதவு. அவர்கள் நுழைந்ததும் அது தானாக மூடிக்கொண்டது. உள்பக்கச் சுவரில் ஒரு சின்னத் திரையும் அதில் ‘திற’ என்று ஒரு பச்சைப் பட்டனும் இருந்தன. ஆணையத்தின் மூன்று துறைகளும் சேர்ந்து செய்த ஒரே பொருள் அந்தக் கதவுதான். வெளியே போக வேண்டுமானால் திரையில் இருக்கும் அந்த வலைப்பக்கத்தில் பட்டனை அமுக்க வேண்டும். அந்தக் கதவுக்கு ஆணையமே சென்ற வருடம் ‘சிறந்த பக்கம்’ விருது கொடுத்திருந்தது. வெண்கலக் கேடயம் மேசைமேல் இருந்தது.

மேசைக்குப் பின்னால் மூன்று தலைவர்கள். எச்.டி.எம்.எல். துறைக்குச் சுந்தரராமன், சி.எஸ்.எஸ். துறைக்கு ஸ்ரீலக்ஷ்மி, ஜாவாஸ்கிரிப்ட் துறைக்கு அனிருத். அவர்களுக்கு எதிரே டயாலிசிஸ் மையத்தின் வலைப்பக்கம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிதாகப் பார்த்தபோது அது ஏதோ குற்றம் செய்துவிட்டு நிற்பதுபோல வஜீஹாவுக்குப் பட்டது.

சுந்தரராமன் தொண்டையைக் கனைத்தார்.

“பக்கம் என்பது ஒழுங்கு. தலைப்பு, அதற்குள் துணைத் தலைப்பு, அதற்குள் உட்தலைப்பு. இங்கே ஒரே ஒரு தலைப்புதான் இருக்கிறது. நோயாளி நேரடியாகப் பேரை எழுதிவிடுகிறார். இது என்ன அவசரம்? சென்ற ஆண்டு எங்கள் துறை தரமானவை என்று அறிவித்த பக்கங்களில் பாதிக்கு மேல் படிக்கவே எதுவும் கிடையாது. வெறும் தலைப்புகள். எழுத்து இல்லாததால் பிழையும் இல்லை. அந்த நிலையைத்தான் நாம் அடைய வேண்டும்.”

ஸ்ரீலக்ஷ்மி சுவரைப் பார்த்து முகம் சுளித்தார். “வெள்ளையில் கறுப்பு எழுத்து. நோயாளிகளிடம் இப்படியா முரட்டுத்தனமாகப் பேசுவது? வெளிர் சாம்பல் பின்னணி. அதைவிடச் சற்றே வெளிர் சாம்பலில் எழுத்து. பார்த்தாலே ஒரு மென்மையான துயரம் வரும்.”

“வயசானவங்க மேடம்” என்றாள் வஜீஹா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. “அப்டி போட்டா கண்ணுக்குத் தெரியாதே.”

“தெரிவது அவர்கள் பொறுப்பு. தோற்றம் எங்கள் பொறுப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.”

அனிருத் சின்ன வயசுக்காரர். நாற்காலியில் உட்காராமல் நடந்துகொண்டே பேசினார். “பட்டனை அமுக்குகிறார்கள். பேர் போய்ச் சேருகிறது. சரி, அப்புறம்?”

“அப்புறம் வந்து படுத்துப்பாங்க சார். மெஷின் ஓடும்.”

“அது பக்கத்துக்கு வெளியே நடப்பது. உள்ளே என்ன நடக்கிறது? ஒன்றும் இல்லை. சோம்பேறிப் பக்கம். ஒரு சிறுநீரகம் சுழன்றுகொண்டே வரலாமே? சுழன்று, நின்று, நோயாளியைப் பார்த்து ஒரு புன்னகை. அதெல்லாம் வந்துசேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். மக்கள் காத்திருந்தே பழகியவர்கள். அந்தக் காத்திருப்பை ஓர் அனுபவமாக மாற்றிக் கொடுத்ததுதான் எங்கள் துறையின் சாதனை.”

பிறகு மூன்று பேரும் ஒன்றாக வஜீஹாவைப் பார்த்தார்கள். சுந்தரராமன் கேட்டார்: “ஒரு பயனர் என்ற முறையில் சொல்லுங்கள். இம்மூன்றில் எது பெரியது?”

எதைச் சொன்னாலும் இரண்டு முத்திரை போய்விடும். சொல்லாவிட்டால் மூன்றும் போய்விடும். பக்கத்தில் சூடாமணி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அப்போதுதான் வஜீஹாவுக்குக் கால் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் தகடு போல உள்ளே பரவிக்கொண்டிருந்தது.

“சார், தண்ணி” என்றாள்.

“கேள்விக்கு அது பதிலல்ல” என்றார் சுந்தரராமன்.

ஆனால் சூடாமணி கதவைப் பார்த்துவிட்டு வீலென்று கத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடைவழி முழுதும் தண்ணீர். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, மீன் தொட்டியில் தெரிவதுபோல அதன் விளிம்பு கண்ணாடியில் ஆடியது. படிக்கட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. சாக்கடை நாற்றம் வந்தது.

அனிருத் ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கினார். திரையில் மூன்று புள்ளிகள் வந்து குதித்தன. ‘இணைப்புக்காகக் காத்திருக்கிறது.’ மறுபடியும் அமுக்கினார். புள்ளிகள் இன்னும் அழகாகக் குதித்தன. கதவு அசையவில்லை. ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். தரைக்கடியில் ஒருவர் போனுக்கும் சிக்னல் இல்லை.

சுந்தரராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை அருகில் போய்ப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது.

“பட்டன் இருக்கிறது. ‘திற’ என்று சரியாக எழுதியிருக்கிறது. எங்கள் துறை கடமையை முடித்துவிட்டது.”

ஸ்ரீலக்ஷ்மி எட்டிப் பார்த்தார். “பச்சை. தீர்மானித்த அதே பச்சை. விரல் வைத்தால் கரும்பச்சை ஆகிறது. எங்கள் பக்கம் குறையில்லை.”

“அமுக்கியவுடன் புள்ளிகள் வருகின்றன, பார்த்தீர்கள்தானே? அதுதான் இயக்கம்” என்றார் அனிருத். “கதவைத் திறக்கலாமா என்று சர்வரிடம் கேட்கிறது. சர்வர் பதில் சொல்லவில்லை. இணைப்பு எங்கள் துறையில் வராது.”

“அப்ப கதவு தொறக்காதது யாரோட துறை?” என்று கேட்டாள் சூடாமணி.

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.

வஜீஹா கதவிடம் போய் இரண்டு கையாலும் அறைந்தாள். “யாராச்சும் கீறீங்களா! கதவ தொறங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். மேலே லிஃப்ட் ஏறியிறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே தண்ணீர் ஏறியிருந்தது. அவள் இடுப்புக்கு நேரே கண்ணாடியின் மறுபக்கம் ஒரு செருப்பு மிதந்துகொண்டு வந்து முட்டியது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. நாளைக்குக் காலையில் மையத்து மேசைக்குப் பின்னால் யார் உட்காருவார்கள் என்று யோசித்தாள். உயிர் போகும் நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

“அந்தக் கேடயத்தால ஒடைச்சிடலாமே?” என்றாள் சூடாமணி. “வெண்கலமாச்சே, கனமா இருக்கே!”

மூன்று தலைவர்களும் திடுக்கிட்டுப்போனார்கள். “ஆணையத்தின் சொத்து” என்றார் சுந்தரராமன். “விருது பெற்ற கதவு. அதைச் சேதப்படுத்த வேண்டுமானால் பிழைக்குப் பொறுப்பான துறையின் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படி.”

“போடுங்கோளேன்!”

“பிழை எங்களுடையதல்லவே.”

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. அதற்காக மூன்று பேரும் மேசைமேல் ஏறினார்கள். ஏறுவதில் வரிசை பற்றிச் சிறிய விவாதம் எழுந்து, மூன்று மூலைகளில் ஒரே நேரத்தில் ஏறுவதென்று முடிவாகியது. மனுதாரர்கள் மேசையில் ஏற விதியில் இடமில்லை என்பதால் வஜீஹாவும் சூடாமணியும் தண்ணீரில் நின்றார்கள். வாக்கெடுப்பு நடந்தது. சுந்தரராமன் ஜாவாஸ்கிரிப்ட் மீதும், அனிருத் சி.எஸ்.எஸ். மீதும், ஸ்ரீலக்ஷ்மி எச்.டி.எம்.எல். மீதும் பழி சுமத்தினார்கள். ஆளுக்கொரு வாக்கு. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

“சமநிலை” என்றார் சுந்தரராமன். அவர் பேச்சு மாறிவிட்டிருந்தது. “பயனர்தான் தீர்மானிக்கணும். சொல்லும்மா. யார் தப்பு? சீக்கிரம் சொல்லிடு. நேக்கு நீச்சல் தெரியாது.”

அப்போதும்கூட அவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டதை அவள் கவனித்தாள். பேர் சொல்லப்பட்டவர் கையெழுத்துப் போடுவார். எல்லோரும் பிழைத்துப் போவார்கள். அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பேருக்குரியவர் டயாலிசிஸ் மையத்துக்கு முத்திரை போடமாட்டார். பக்கம் மூடிப்போகும். குலாம் ரசூல் பாய் விடியற்காலையில் படியில் உட்காருவார்.

வாயைத் திறந்தபோது என்ன வரப்போகிறதென்று அவளுக்கே தெரியவில்லை.

“என் தப்பு சார்.”

மூன்று பேரும் மேசை விளிம்புக்கு நகர்ந்து வந்தார்கள்.

“எப்படி?” என்றார் அனிருத், ஆவலோடு.

“நான்தான் ஈரக் கையோட கதவப் புடிச்சிக்கினு உள்ள வந்தேன். அதுல எதுனா ஆயிருக்கும்.”

“ஏம்மா, கதவு தானா மூடித்தே, நீ ஏன்…” என்று ஆரம்பித்த சூடாமணியின் கையை வஜீஹா அழுத்திப் பிடித்தாள். “வுடுங்க மாமி. உசிரோட வெளிய போவலாம்.”

மூன்று முகங்களும் ஒரே சமயத்தில் மலர்ந்தன. அப்படியொன்று அந்த ஆணையத்தில் அதுவரை நடந்ததில்லை. “பயனர் பிழை!” என்றார் ஸ்ரீலக்ஷ்மி, கண்ணில் நீர் தளும்ப. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பயனர் பிழை என்றால் பயனரே சேதப்படுத்தலாம், துறைத் தலைவர் கையெழுத்து வேண்டாம் என்று சுந்தரராமன் விதியை ஞாபகப்படுத்திக் கேடயத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். விருது விழாவில் கொடுப்பதுபோலவே இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவள் அடித்தாள். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடியில் கேடயம் கை நழுவப் பார்த்தது. “மூலையில அடி, மூலையில!” என்று சூடாமணி கத்தினாள். வஜீஹா கண்ணை மூடிக்கொண்டு கதவின் மூலையில் ஓங்கி இடித்தாள். மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு போல உதிர்ந்தது. வெளியே நின்றிருந்த தண்ணீர் ஒரே அறையாக உள்ளே விழுந்து அவளைப் புரட்டிப்போட்டது. மூக்கிலும் வாயிலும் சேறு. எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். சூடாமணிதான். முறுக்கு டின்னைத் தொலைத்துவிட்டு அவளைப் பிடித்திருந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, ஐந்து பேரும் படியைப் பிடித்தார்கள். அவர்கள் பாதிப் படியில் இருந்தபோது, வெள்ளத்தால் அந்தப் பகுதி முழுக்க மின்சாரம் நிறுத்தப்பட்டது. இருட்டில், பின்னால், மின்சாரம் போனதும் பூட்டு விட்டுப்போய், கண்ணாடி இல்லாத அந்தக் கதவின் சட்டம் கிர்ரென்று தானாகத் திறந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

“திறந்துவிட்டது!” என்றார் அனிருத் பெருமையாக.

மேலே வந்ததும் வஜீஹா வாசலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். கையில் ரத்தம். சூடாமணி தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

இரண்டு வாரத்தில் முத்திரை வந்துவிட்டது. ஒன்றல்ல, மூன்றும். ‘பிழையைத் தாமே முன்வந்து ஏற்ற முன்மாதிரிப் பயனர்’ என்று பாராட்டுரை வேறு. மையத்தின் டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். “ஆணையத்தோட நமக்கு வம்பு வேணாம்மா. அவங்க சொன்னபடியே போட்டுடுங்க” என்றார். முத்திரையைப் பக்கத்தின் உச்சியில் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. முத்திரை சுழலும். சுழன்று நின்றதும் மூன்று தலைவர்களின் வாழ்த்துரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பேர் எழுதும் கட்டம் தெரியும். ரெஹான் முணுமுணுத்துக்கொண்டே வைத்துக் கொடுத்தான்.

மறுநாள் காலை வஜீஹா வேலைக்கு வந்தபோது வாசற்படியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கம் திறக்கவில்லை என்றார்கள். சுத்திக்கொண்டே இருக்கிறது என்றார்கள். யார் முதலில் வந்தது என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். கடைசிப் படியில் குலாம் ரசூல் பாய், விரிசல் விட்ட போனை இரண்டு கையிலும் ஏந்தி, அதில் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஊதியிருந்தது. “நேத்து சாயங்காலத்துலேர்ந்து வெயிட் பண்றேன் பேட்டி” என்றார், எப்போதும்போல அவளை மகளே என்று கூப்பிட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினார்.

அவரைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் முதல் மெஷினில் படுக்கவைத்தார்கள். யாரும் சண்டை போடவில்லை; அவர் மூச்சு விடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நர்ஸ் ஊசி குத்தும்வரைக்கும் வஜீஹா பக்கத்திலேயே நின்றாள். பிறகு மாடிப்படிக்கு அடியில் போய் ரெஹானைக் கூப்பிட்டாள்.

“அந்த முத்திரைய எடுத்துடு.”

“காலா, எடுத்தா மூடிடுவாங்க. உன் பேர்லதான் கீது எல்லாம். கேஸ் போடுவாங்க.”

“தெரியும்.”

“டாக்டருக்குச் சொல்லிட்டியா?”

“இல்ல.”

“பயமா இல்லயா உனக்கு?”

“கீதுடா” என்றாள். படியைப் பிடித்துக்கொண்டாள். “ரொம்ப கீது. நீ எடு, நா லைன்லயே கீறேன்.”

அவன் எடுத்தான். வாசலில் நின்றவர்களின் போன்களில் பக்கம் ஒவ்வொன்றாகத் திறந்தது. அவர்கள் நேரம் குறித்துக்கொண்டு கலைந்துபோனார்கள்.

ஆணையத்திலிருந்து இன்னும் யாரும் வரவில்லை. வருவார்கள் என்றுதான் வஜீஹா நினைக்கிறாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவாள். எழுந்து போய், கதவோரம் நின்று, அது யாருடைய ஜீப் என்று பார்ப்பாள். அது தாண்டிப் போகும்வரை அங்கேயே நிற்பாள். பிறகு மேசைக்குத் திரும்பி வந்து அடுத்தவரின் பேரைக் கூப்பிடுவாள்.